பாட்டுக்கு வளர்த்த முடி

“கிட்டார் அண்ணே, முடிய வெட்டினா பாட்டு வராதா?”

நபீலா ஒருநாள் இப்படிக் கேட்டாள். பதுளைக் கடைவீதியில் பத்திரிகையும் பாட்டுப் புத்தகமும் விற்கிற புஹாரியின் ஒரே மகள். ஆறு வயது. காய்ச்சலில் கிடந்து எழுந்த மெலிவு இன்னும் போகாத முகம்.

நமுனுகுலத் தோட்டத்திலிருந்து பாட்டுப் புத்தகம் வாங்க வந்திருந்த கந்தப்பன், தோளில் புரண்ட முடியை ஒதுக்கிக்கொண்டு சிரித்தான்.

“வெட்டினா சுருதி எறங்கிடும் தங்கச்சி.”

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே கடை வாசலில் அவன் சிரிக்கவில்லை.

பொப் பாட்டு ரசிகர்கள் வாசலை அடைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். டவுனிலிருந்து சிலர், தோட்டங்களிலிருந்து பலர். பெல்பொட்டம், பூப்போட்ட சட்டை, நீள முடி. நடுவில் ஓர் அட்டை: ‘நாங்கள் காவாலிகள் அல்ல, ரசிகர்கள்.’

போன வாரம் புஹாரி விற்ற பத்திரிகையில் அந்தச் செய்தி வந்திருந்தது. நீள்முடிக் காவாலிகளால் தோட்டங்கள் சீரழிகின்றனவாம். கிட்டார் வைத்திருப்பவன் எல்லாம் கஞ்சா அடிப்பவனாம். எழுதியவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. ஆனால் கந்தப்பனின் படத்தைப் போட்டிருந்தார். கோயில் கச்சேரியில் அவன் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தபோது யாரோ எடுத்த படம்.

அதற்குப் பிறகு நீள முடியைக் கண்டால் பஸ் நிற்பதில்லை. பேக்கரியில் பாண் வரிசையில் நின்றால் பின்னால் தள்ளினார்கள்.

அவர்கள் கேட்டது ஒன்றுதான். தாங்கள் எழுதிய பதிலையும் அந்தப் பத்திரிகை போட வேண்டும். அதுவரை இங்கே பத்திரிகைக் கட்டைப் பிரிக்கக் கூடாது.

ஞாயிறு, தோட்டத்துச் சனம் சாமான் வாங்க வருகிற நாள். எதிர்ப்பக்கத் துணிக்கடை முருகையா முதலாளிக்கு வியாபாரம் கெட்டது. அவர் போய் சலூன்காரரை முக்காலியோடும் கத்தரிக்கோலோடும் கூட்டிவந்தார்.

“முடிய வெட்டிட்டு மனுசனா வந்து கேளுங்கடா. அப்பறம் பேசுவோம்.”

சொன்னதோடு நிற்கவில்லை. பொங்கோ மேளம் அடிக்கிற ஸரூக்கின் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார்.

ஸரூக்கின் கை பக்கத்தில் இருந்த சோடாப் பெட்டிக்குள் போனது. போத்தலோடு மேலே எழுந்தது.



அந்தப் போத்தல் விழுந்தால், பத்திரிகை எழுதியதெல்லாம் உண்மையாகிவிடும். உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் அது தெரியும். முருகையாவுக்கும் தெரியும். அவர் அதற்காகவே காத்திருந்ததுபோல நின்றார்.

கந்தப்பன் கிட்டாரோடு எழுந்தான். இருவருக்கும் நடுவில் புகுந்து, முக்காலியில் போய் உட்கார்ந்தான்.

“மொதல்ல என்னை வெட்டுங்க.”

முருகையாவின் பிடி தளர்ந்தது. குரலும் இறங்கியது.

“நீ எந்திரி. ஒன் முடி கதிர்காமத்துக்கு நேர்ந்ததுன்னு ஒங்க தோட்டத்து லயத்தில சொன்னாங்க. ஆடித் திருவிழா வேற வருது. சாமி முடின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடு. நான் தொடமாட்டேன்.”

நண்பர்கள் திகைத்துப் பார்த்தார்கள். பாட்டுக்காக வளர்க்கிறான் என்றுதான் அவர்களும் நினைத்திருந்தார்கள்.

கடைக்குள் புஹாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கந்தப்பன் அவரைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தான்.

“என்னோடது சாமி முடி, ஸரூக்கோடது காவாலி முடியா முதலாளி? ரெண்டும் தலையிலதானே மொளைக்குது? வெட்டச் சொல்லுங்க.”

கூட்டத்தில் யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள்.

ஸரூக் போத்தலைப் பெட்டிக்குள் வைத்தான். கண்ணாடி கண்ணாடியில் பட்ட அந்தச் சின்னச் சத்தம் வீதி முழுக்கக் கேட்டது.

சலூன்காரர் முருகையாவைப் பார்த்தார். முருகையா வேறெங்கோ பார்த்தார். இத்தனை பேருக்கு முன்னால் சொன்ன சொல்லை எப்படித் திரும்ப எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“கதிர்காம முருகா, மன்னிச்சுக்க” என்று முணுமுணுத்துவிட்டுச் சலூன்காரர் கத்தரிக்கோலைத் திறந்தார்.

கதிர்காமத்தில் இறக்க வேண்டிய முடி கடைவீதிப் புழுதியில் கொத்துக் கொத்தாக விழுந்தது. கந்தப்பன் மடியில் இருந்த கிட்டாரை இறுக்கிப் பிடித்திருந்தான். அவ்வளவுதான்.

அவன் எழுந்ததும் ஸரூக் வந்து உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து நின்றார்கள்.

முருகையாவால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை. “போதும்டா, போங்க” என்று சொல்லிவிட்டுத் தன் கடைக்குள் போய்விட்டார். சலூன்காரர் ஸரூக்கின் தலையைத் தொடாமலே முக்காலியைத் தூக்கிக்கொண்டார்.

அன்று கட்டுப் பிரிக்கப்படவில்லை. அவர்களுடைய பதிலைப் புஹாரியே அனுப்பிவைத்தார். பத்திரிகை அதைப் போடவில்லை.

வாசல் காலியானதும் புஹாரி விளக்குமாற்றோடு வந்தார். குனிந்தவர், அதைக் கீழே வைத்துவிட்டுக் கையாலேயே முடியைச் சேர்த்தெடுத்தார். சுற்றுவதற்குக் கடையில் பழைய பத்திரிகைக்குப் பஞ்சமில்லை. அவர் தன் வெள்ளைக் கைக்குட்டையை விரித்தார்.

ஆடியில் ஒருநாள், திஸ்ஸ டவுனில் வியாபார விஷயம் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கதிர்காமத்துக்கு பஸ் ஏறினார்.

மாணிக்க கங்கையில் சனம் குளிக்கிற இடத்தைத் தாண்டி, ஆளில்லாத ஒரு வளைவில் முழங்காலளவு தண்ணீரில் இறங்கினார். இந்த இடத்தில் என்ன சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியாது. பிஸ்மில்லாஹ் என்று சொல்லிக் கைக்குட்டையைப் பிரித்தார்.

ஆறு முடியை வாங்கிக்கொண்டது.

திரும்பப் போனவர், நின்று, முகவரி சொல்ல மறந்தவர்போல மெல்லச் சொன்னார்:

“நபீலாட காய்ச்சலுக்கு நேர்ந்த முடி. கொண்டுவந்தது நான். தந்தது கந்தப்பன்.”