குட்டைப் பயிர்ப் பாத்தி

பிரசவம் முடிந்து சின்னவள் வேலைக்குத் திரும்பிய அன்று, அவளுடைய பாத்தியில் பெரியவள் இடுக்கியும் கையுமாக இருந்தாள்.

பெரியவள் வேற்றாள் இல்லை, ஓரகத்திதான். ஒரே வீடு, ஒரே அடுப்பு. இரண்டு பேருக்கும் வேலையும் ஒரே கோதுமை ஆராய்ச்சிப் பண்ணையில்.

அந்தப் பாத்தியில் இருந்தது குட்டைக் கோதுமை. காற்றடித்தாலும் சாயாது, மணியும் கூடுதல். அதற்கு முதல் கலப்பு செய்ததே சின்னவள்தான். பூவைப் பிரித்து, மகரந்தப் பையைக் கிள்ளி எடுத்து, கதிருக்குக் காகித உறை மாட்டி, பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்ட பயிர்.

இப்போது அவளைப் பழைய நெட்டை ரகத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

"அக்கா, அது என் பாத்தியாச்சே?"

பெரியவள் நிமிரக்கூட இல்லை.

"நெட்டைக்கு நெட்டைதான் பொருத்தம். போய் அங்க நில்லு."

பக்கத்துப் பாத்திக்காரிகள் சிரித்தார்கள். சின்னவள் ஆள் கொஞ்சம் உயரம்.

அடுத்த வாரம் பெரிய அதிகாரிகள் வந்தார்கள். குட்டைப் பயிரைப் படம் பிடித்தார்கள், பக்கத்தில் பெரியவளையும் நிற்க வைத்து. பேப்பரில் வந்த படத்தைச் சின்னவளின் புருஷனே வெட்டிச் சுவரில் ஒட்டினான். அண்ணி முகம் எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு பாரேன் என்று அவளிடமே வேறு சொன்னான்.

அன்றிலிருந்து சின்னவள் பெரியவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் பெரியவள் பாயை விரித்துக் குப்புறப் படுத்துவிடுவாள். பேரு வந்ததும் பாத்திரம் தேய்க்கக் கை வரலை போல என்று சின்னவள் சுவரைப் பார்த்துச் சொல்வாள். பெரியவள் காதில் விழாத மாதிரி இருப்பாள்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் சின்னவள் பண்ணை மேடத்திடம் போய் நின்றாள். நான் வளர்த்த பயிர், பேரு மட்டும் அவங்களுக்கா என்று கேட்டாள்.

மேடம் அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

"குட்டைப் பயிரை யாரும் கேட்டு வாங்க மாட்டாங்கம்மா. காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் குனிஞ்ச முதுகு நிமிராது. நெட்டைன்னா நின்னுகிட்டே பார்த்துடலாம்."

"அப்புறம் அக்கா ஏன் மேடம் அதை எடுத்துக்கிட்டாங்க?"

மேடம் கொஞ்சம் தயங்கினார்.

"உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க. 'ஆபரேஷன் பண்ணிப் பிள்ளை எடுத்திருக்கு, ஒரு வருஷமாவது அவளைக் குனிய விடாதீங்க. நான் கேட்டேன்னு தெரிஞ்சா வீம்புக்காவது குனிவா. அவ பாத்தியை நான் பிடுங்கிக்கிட்டேன்னே நினைச்சுக்கட்டும்'னு சொன்னாங்க."