கடைசியா எப்ப சாப்பிட்டா?

"குழந்தை கடைசியா எப்ப சாப்பிட்டா?"

அவசரப் பிரிவு டாக்டரம்மா இரண்டாவது முறையாகக் கேட்டார்.

கட்டிலில் ஆறு வயதுப் பெண் வலியில் அலறிக்கொண்டிருந்தாள். ஊஞ்சலில் இருந்து விழுந்ததில் இடது முன்கை வளைந்து போயிருந்தது. மயக்க மருந்து கொடுத்துத்தான் எலும்பை நேராக்க வேண்டும்.

"காலையில எட்டு மணிக்குச் சாப்பிட்டதுதான் டாக்டர். அதுக்கப்புறம் பச்சைத் தண்ணி பல்லுல படல. சீக்கிரம் பாருங்க, புள்ள துடிக்குது" என்றாள் அத்தை. குழந்தையின் அப்பாவுக்கு அக்கா.

அப்பாவும் ஆமாம் என்று தலையாட்டினார். சிஸ்டர் ஊசியில் மருந்தை ஏற்ற ஆரம்பித்தாள்.

"இல்ல டாக்டர்."

கதவோரம் நின்றவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"கேக் சாப்பிட்டா. ரெண்டு துண்டு. அரை மணி நேரம்தான் ஆகுது."

"கேக்கா? யார் கொடுத்தா?" அப்பா சட்டென்று திரும்பினார்.

அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"நான்தான்."

அவள் குழந்தைக்குச் சித்தி. பெற்றவள் போய் இரண்டு வருஷம் கழித்து அப்பா கட்டிக்கொண்டு வந்தவள். அந்த வீட்டுக்கு வந்து எட்டு மாசம்தான் ஆகிறது.

"நல்ல வேளை, சொன்னீங்க" என்றார் டாக்டர். "வயித்துல சாப்பாடு இருக்கறப்ப மயக்கம் கொடுத்தா, வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போயிடலாம். விரல்ல ரத்த ஓட்டம் நல்லா இருக்கு. சாயங்காலம் வரைக்கும் பொறுத்துச் செய்யலாம்."

"அதுவரைக்கும் என் பொண்ணு வலியில கிடக்கணுமா?"

"எதுக்குக் கிடக்கணும்? மயக்கத்துக்குத்தான் காத்திருக்கணும், வலிக்கு இல்ல. மூக்குல மருந்து பீய்ச்சறேன், ஊசிகூட வேண்டாம். கைக்கு அணை கொடுத்துக் கட்டிடலாம்."

கால் மணி நேரத்தில் குழந்தையின் அழுகை அடங்கியது. அத்தையின் வாய்தான் அடங்கவில்லை.

"கை உடைஞ்சு கிடக்கற புள்ளைக்கு யாராவது கேக் ஊட்டுவாங்களா? பெத்திருந்தாத்தானே தெரியும்!"

டாக்டர் சொன்ன 'நல்ல வேளை' யார் காதிலும் ஏறவில்லை. 'நான்தான்' மட்டும் எல்லோர் காதிலும் ஏறிவிட்டது.

அப்பா கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "இனிமே குழந்தை விஷயத்துல நீ தலையிடாதே. அக்கா பார்த்துப்பாங்க."

அவளுக்கு அந்த வீட்டில் இருந்த ஒரே ஒட்டுதல் அந்தக் குழந்தைதான். அதுவும் போயிற்று.

"உள்ள ரெண்டு பேருக்குத்தான் அனுமதி. நீங்க வெளியில உட்காருங்க" என்றாள் சிஸ்டர். சட்டம் சரிதான். ஆனால் அதைச் சொன்ன குரலில் சட்டத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சூடு இருந்தது. சித்தி என்றாலே இப்படித்தான் என்று அவளும் மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டாள்.

மதியத்திலிருந்து சாயங்காலம் வரை வராந்தா நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தாள் சித்தி. ஒரு வாய் காபி வேண்டுமா என்று கேட்க நாதியில்லை.

பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு அம்மா விசாரித்தாள். "உள்ள யாரு?"

'என் பொண்ணு' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"எங்க வீட்டுக் குழந்தைதாங்க" என்றாள்.

ஐந்து மணிக்கு மயக்கம் கொடுத்தார்கள். டாக்டர் கட்டிலின் தலைமாட்டில் நின்று குழந்தையின் தாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். எலும்பு டாக்டர் கையை இழுத்து நேராக்கினார்.

கட்டுப் போட்டு முடிக்கும் நேரத்தில் குழந்தைக்குக் குமட்டியது.

"ஒருக்களிச்சுத் திருப்புங்க! உறிஞ்சற குழாய்!"

சிஸ்டர் வாயைச் சுத்தம் செய்தாள். முகத்தில் ஆக்சிஜன் வைத்தார்கள். தடுமாறிய மானிட்டர் மெல்லப் பழைய தாளத்துக்கு வந்தது. உறிஞ்சி எடுத்ததில் கேக் இன்னும் கொஞ்சம் இருந்தது.

"அஞ்சு மணி நேரம் கழிச்சே இப்படின்னா, மதியமே கொடுத்திருந்தா..." டாக்டர் முடிக்கவில்லை.

சிறிது நேரத்தில் குழந்தை பாதி மயக்கத்தில் முனகினாள்.

"அத்தை... போதும் அத்தை... வண்டியிலயே ரெண்டு ஊட்டிட்டீங்க... வயிறு ரொம்பிடுச்சு..."

அப்பா அக்காவைப் பார்த்தார். அக்கா, ஏற்கெனவே மடித்து வைத்திருந்த போர்வையை எடுத்து மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

சிஸ்டர் வெளியே வந்தாள். சித்தியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உங்க பொண்ணு நல்லா இருக்கா. மூச்சு சீரா இருக்கு. கையும் நேராயிடுச்சு."

சித்தி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடிக்கும் வரை சிஸ்டர் காத்திருந்தாள்.

"கேக் கொடுத்தது நீங்க இல்லன்னு தெரிஞ்சுபோச்சும்மா. அவங்கதான்னு அப்பவே சொல்லியிருக்கலாமே? எதுக்கு இந்தப் பழியைத் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டீங்க?"

"இவரு பைக்ல பின்னாடி வந்தாரு. நான் வண்டியில முன் சீட்டுல இருந்து கண்ணாடியில பார்த்தேன் சிஸ்டர். புள்ள அழறது தாங்காமத்தான் ஊட்டினாங்க, பாவம். ஆனா அவங்கதான்னு நான் சொல்லியிருந்தா, இல்லவே இல்லன்னு சாதிப்பாங்க. இவரும் அக்கா பக்கம்தான் நிப்பாரு. நீங்க கையில ஊசியோட நின்னுட்டிருந்தீங்க. சண்டை போட ஏது நேரம்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான்தான் கொடுத்தேன்னு சொன்னாத்தான் எல்லாரும் உடனே நம்புவாங்க."