வானம்பாடிக்கு நட்ட மரம்

கன்று வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. வேர் பிடித்துவிட்டது, சனியன்.

அவள் மண்வெட்டியை வீசிவிட்டு இரண்டு கையாலும் இழுத்தாள். இடுப்பு விண்ணென்று தெறித்தது. அவளே நட்டு, அவளே தண்ணீர் சுமந்து வளர்த்த கன்றுகள். இன்று அவளே பிடுங்குகிறாள். பார்க்கிறவர்கள் பைத்தியம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

வீட்டுக்குப் பின்னால் வெறும் புல்வெளி. அதில் ஒரு வானம்பாடி இருந்தது. கைப்பிடிகூடத் தேறாது. ஆனால் புல்லிலிருந்து செங்குத்தாக எழும்பிப் பாடினால் வீடே நிறைந்துபோகும். எழுந்து நடக்க முடியாமல் ஜன்னலோரம் படுத்திருக்கும் அவள் கணவருக்கு மிச்சமிருந்த ஒரே சந்தோஷம் அதுதான்.

பாவம், உட்கார ஒரு கிளைகூட இல்லையே என்றுதான் நட்டாள்.

கன்றுகள் இடுப்புயரம் வளர்ந்தன. குருவியைக் காணோம்.

கணவரோடு வேலை பார்த்த வனக்காவலர் காலையில் அவரைப் பார்க்க வந்திருந்தார். கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"அது தரையில கூடு கட்டுற குருவிம்மா. மரம் இருந்தா காக்கா வந்து உட்கார்ந்து முட்டையை நோட்டம் விடும்னு, அந்தப் பக்கமே வராது. ஏன், உன் வீட்டுக்காரருக்குத் தெரியாததா?"

அதுதான் அவளைச் சுட்டது. காலமெல்லாம் இதே புல்வெளியைக் காவல் காத்த மனுஷன். கண்ணெதிரே அவள் குழி தோண்டியபோதும் வாயைத் திறக்கவில்லை. சரியான கல்லுளிமங்கன்!

கடைசிக் கன்றைப் பிடுங்கி, வேரும் மண்ணுமாக ஜன்னலுக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கொறைஞ்சா போயிருப்பீங்க?"

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி ஊத்தத்தானே நீ வெளியவே போறே," என்றார். "மத்த நேரமெல்லாம் என் கட்டிலோடயே கிடக்கிற."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு குழிகளை மூடினாள்.

மறுநாள் சாயங்காலமும் வழக்கம்போலக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். ஊற்றுவதற்கு ஒரு கன்றும் இல்லை. குடத்திலும் தண்ணீர் இல்லை.

ஜன்னலிலிருந்து தெரிகிற இடமாகப் பார்த்து, புல்லில் உட்கார்ந்துகொண்டாள்.