பச்சை படர்ந்த மத்தியானம்

நீர்த்தேக்கத்தின் நடுவில் படகின் இயந்திரத்தை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார் தண்ணீர்ப் பரிசோதகர். வெயில் நீரில் பட்டுக் கண்ணைக் கூச வைக்கிறது. நீரின் தெளிவைப் பார்க்க, கயிற்றில் கட்டிய வெள்ளைத் தட்டை மெல்ல இறக்குகிறார். வழக்கமாக வெகு ஆழம்வரை தெரியும் தட்டு, இறக்கிய கையோடு மறைந்துவிடுகிறது. நகரத்துக்குத் தண்ணீர் எடுக்கும் கோபுரத்தைச் சுற்றி, யாரோ பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்ததுபோலப் பாசி மிதக்கிறது. அலுவலகத்தைப் போனில் கூப்பிட்டு, கோபுரத்தில் பாசி மட்டத்தில் இருக்கும் மேல் மதகை மூடச் சொல்கிறார். "மூடிடறோம் சார். ஏற்கெனவே போன தண்ணிய என்ன பண்றது?" என்கிறது மறுமுனை. "குடிக்க வேண்டாம்னு உடனே ஊருக்கு அறிவிப்புக் கொடுங்க." அடுத்து மகளைக் கூப்பிடுகிறார். அவள் படிப்புக்காகத் தாயும் மகளும் நகரத்துக்குப் போனபிறகு குவார்ட்டர்ஸில் அவர் ஒண்டிக்கட்டை. சோதனைக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும்போதெல்லாம், இது அவர்கள் வீட்டுக் குழாய்க்குப் போகிற தண்ணீர் என்று நினைத்துக்கொள்வார். "கண்ணு, குழாய்த் தண்ணியக் குடிச்சுடாதீங்க. அம்மாகிட்டயும் சொல்லு." "நாங்க எங்கப்பா அதைக் குடிக்கிறோம்? இங்க வந்ததுல இருந்தே கேன் தண்ணிதான். அம்மா சொல்லலையா?" படகின் விளிம்பில் நீர் தளக் தளக்கென்று மோதுகிறது. மனைவி சொன்னதே இல்லை. "சொன்னா, சொன்னா. நான்தான் மறந்துட்டேன்." "சரிப்பா, கிளாஸ் ஆரம்பிச்சிடுச்சு. வச்சிடறேன்." போனைச் சட்டைப்பையில் போடுகிறார். கண்ணுக்கெட்டிய தூரம்வரை கரையில் ஆளில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு, சோதனைக் குப்பியைப் பச்சை நீருக்குள் அமிழ்த்தி, காற்றுக் குமிழி ஒன்றுகூடத் தங்காமல் நிரப்புகிறார்.