முற்றத்து வழியே ஒரு வில்லங்கம்

"இந்த வீட்டுல ஒரு வில்லங்கம் இருக்கு, ஃபெர்மின்" என்றபடி நோட்டரி எதெல்வினா கண்ணாடியைக் கழற்றினார்.

வீட்டை விற்க வந்த நிக்கானோர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். வீடு வாங்க முன்பு வந்த இரண்டு பேரும் இதைக் கேட்டுத்தான் எழுந்து ஓடினார்கள். விற்றால்தான் அவர் தலைநகர் மொந்தெவிதேயோவில் மகளோடு போய் இருக்க முடியும். இந்தச் சால்த்தோ ஊரில் தனியாகப் பொங்கித் தின்று அலுத்துப்போயிருந்தார் மனிதர்.

"பின்னால ஆத்தோரமா ஒரு வீடு. அதுக்கு வேற வழியே கிடையாது. அங்க இருக்கிற அம்மா உங்க முற்றத்து வழியா, சமையலறையை ஒட்டித்தான் தெருவுக்கு வரணும். பதிவு பண்ணின வழி உரிமை."

வாங்க வந்த ஃபெர்மினின் காது சிவந்தது. "தினமுமா?"

"தினமும்தான். காலையில சந்தைக்கு முட்டை கொண்டு போவாங்க, மத்தியானம் திரும்புவாங்க."

"மழை பெஞ்சா?"

"மழையிலயும்தான்."

"நான் கதவைப் பூட்டிட்டா?"

"பூட்டக் கூடாது."

"வேற பக்கமாச் சுத்திப் போக முடியாதா?"

"ஆத்துல நீந்தத்தான் வேணும்."

ஃபெர்மின் எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பினான். இவனும் கைநழுவிப் போகிறான் என்று நிக்கானோர் பதறினார்.

"தம்பி, அந்தப் பின்வீட்டுக்காரிகிட்ட நானும் கெஞ்சிப் பாத்தேன். உரிமையை விட்டுக் கொடுக்கிறேன்னு முதல்ல தலையாட்டினா. வாங்குறது யாருன்னு கேட்டா. உங்க பேரைச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரிச்சா. உசுரே போனாலும் விட மாட்டேன்னு கதவைச் சாத்திட்டா. சரியான ராங்கிக்காரி."

"சிரிச்சாங்களா?"

"வயித்தைப் பிடிச்சுக்கிட்டு."

ஃபெர்மின் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டான். காகிதம் கிழியாதது அதிசயம். நோட்டரியம்மாவைக் கட்டிக்கொண்டான். நிக்கானோரின் கன்னத்தில் சத்தமாக ஒரு முத்தம் வைத்தான். எதெல்வினா ஏனோ குனிந்து மேஜை இழுப்பறையில் எதையோ தேடத் தொடங்கினார்.

நிக்கானோருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனாலும் மனசாட்சி உறுத்தியது.

"தம்பி, நல்லா யோசிச்சீங்களா? அந்தப் பின்வீட்டுத் தெல்மிரா எப்பேர்ப்பட்ட ஆளுன்னு தெரியாம..."

"தெரியாம என்னண்ணே? அவளோட கசப்பு மாத்தே டீயில சர்க்கரை போட்டுட்டேன்னு கோவிச்சுக்கிட்டு, 'செத்தாலும் உன் வாசப்படியை மிதிக்க மாட்டேன்'னு சபதம் போட்டுட்டுப் போன என் பொண்டாட்டிண்ணே அவ."