நாடு கடந்த அறுபத்திரண்டு பவுன்

முறுக்கு டின்னை மடியில் வைத்துக்கொண்டு கோமதித்தாய் ஆம்னி வேனில் உட்கார்ந்தாள். பின்னால் அவளுடைய தையல் மெஷினும் ஒரு பாயும் இரண்டு தலையணையும் ஏற்கனவே ஏறியிருந்தன. பார்க்கிறவர்களுக்கு யாரையோ தனிக்குடித்தனம் வைக்கப் பலகாரத்தோடு கிளம்பியவர்கள் மாதிரி இருக்கும்.

"டின்னை ஆட்டாதட்டி," என்றார் அவள் கணவர் சங்கரபாண்டியன். "கலகலன்னு சத்தம் கேக்கு."

முறுக்கு அப்படிச் சத்தம் போடாது. உள்ளே இருந்தது தெருக் கோயில் அம்மனுடைய அறுபத்திரண்டு பவுன் நகை. டின்னில் போட்டால் யாருக்கும் சந்தேகம் வராது என்று யோசனை சொன்னதே கோமதித்தாய்தான்.

சங்கரபாண்டியன் பதினெட்டு வருடமாகக் கோயில் கமிட்டித் தலைவர். ஒரு வீடு ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு ஒரு ஓட்டு என்று போன ஞாயிற்றுக்கிழமை தேர்தல் நடந்தது. அவர் பக்கம் இருந்த பதினோரு வீடு கடைசி நேரத்தில் கட்சி மாறியதில் மண்ணைக் கவ்விவிட்டார். ஜெயித்தவர் சிமெண்டுக் கடை தங்கப்பழம். இன்று காலை பத்து மணிக்கு அவரிடம் பொறுப்பையும் நகையையும் ஒப்படைக்க வேண்டும்.

பொறுப்பைக் கொடுக்கலாம், நகையைக் கொடுக்க சங்கரபாண்டியனுக்கு மனசில்லை. தோற்ற ராஜா கஜானாவைத் தூக்கிக்கொண்டு பக்கத்து நாட்டுக்குப் போவது உலகத்தில் நடக்காததா? அவருக்குப் பக்கத்து நாடு கடையநல்லூர். அங்கே அவருடைய பழைய சிநேகிதர் ஜவுளிக்கடை தாவூது, என்ன ஏது என்று கேட்காமலே மாடியை ஒழித்து வைத்திருந்தார்.

"நான் இருக்க இடந்தாம்லே கமிட்டி," என்றார் சங்கரபாண்டியன்.

"ஆமா அண்ணாச்சி," என்றார் வண்டி ஓட்டிய இசக்கித்துரை. பழைய கமிட்டியின் செயலாளர் அவர். "ஆமா அண்ணாச்சி" என்று சொல்வதுதான் பதினெட்டு வருடமாக அவர் பார்த்த வேலை.

"அங்கன நகைக்குக் காவல் யாருங்க?" என்று கோமதித்தாய் கேட்டாள்.

"இதென்ன கேள்வி? நீதான். பெறவு மெஷினை எதுக்கு ஏத்தியிருக்கேன்? தாவூது மாடியில உக்காந்து தச்சுக்கோ. அடுத்த எலக்சன் வரைக்குந்தான். மூணு வருசம் கண்ணை மூடித் தொறக்கதுக்குள்ள ஓடிரும்."

அம்மன் நகை இருக்கிற வீட்டைப் பூட்டக் கூடாது என்பது அந்தத் தெரு வழக்கம். ராத்திரி பகல் எந்நேரமும் யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். தலைவருக்குக் கூட்டம், வசூல், பஞ்சாயத்து என்று ஆயிரம் ஜோலி. ஆகவே அந்த யாராவது ஒருவர் பதினெட்டு வருடமும் கோமதித்தாய்தான்.

ராயகிரியில் நடந்த சொந்தத் தங்கச்சி கல்யாணத்தை அவள் செல்போனில்தான் பார்த்தாள். அன்றைக்கு அவள் அழுத அழுகை சங்கரபாண்டியனுக்குத் தெரியாது. அவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

வேன் கோயில் தெருவுக்குள் திரும்பியது. சங்கரபாண்டியனுக்கு ஆற்றாமை தீரவில்லை.

"பதினோரு வீடு! அத்தனை பயலும் என் கையால வாங்கித் தின்னவன். ஏட்டி, அந்த வீட்டுப் பொம்பளைய பூராம் உங்கிட்டதான ஜாக்கெட் தைக்காளுவ? ஒருத்தியாவது வாயத் தொறந்தாளா?"

"அளவெடுக்கைல நாந்தான் பேசுவேன். அவளுவ மூச்சைப் பிடிச்சிக்கிட்டுக் கேட்டுக்கிட்டு நிப்பாளுவ."

இசக்கித்துரை சிரித்தார். சங்கரபாண்டியன் முறைத்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

"தம்பி, கோயில்ட்ட செத்த நிப்பாட்டுங்க," என்றாள் கோமதித்தாய்.

"இப்ப எதுக்கு?" என்று பதறினார் சங்கரபாண்டியன்.

"ஊரை விட்டுக் கொண்டுபோறோம். அம்மன் நகையை அம்மன் கண்ணுல ஒருக்கா காட்டாமப் போனா நல்லாவா இருக்கும்?"

சங்கரபாண்டியன் டின்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மனுசன் ஆசைக்காக நகையைத் தூக்கவில்லை. வேறு யார் கையிலும் அது பத்திரமாக இருக்காது என்று நிஜமாகவே நம்பினார். ஆனால் தங்கப்பழம் தலைவராக இருக்கும்வரை கோயில் படியை மிதிப்பதில்லை என்று நாலு பேர் முன்னால் சபதம் போட்டிருந்தார். அதனால் வேனிலேயே இருந்துகொண்டார்.

"வெரசா காட்டிட்டு வா. மணி எட்டரைதான் ஆகுது. பூசாரியத் தவிர ஒருத்தனும் இருக்க மாட்டான்."

கோமதித்தாய் டின்னோடு உள்ளே போனாள். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. திடீரென்று உள்ளேயிருந்து குலவைச் சத்தம் எழுந்தது. பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்து போடுகிற குலவை.

"என்னலே இது?"

"தெரியலையே அண்ணாச்சி." பதினெட்டு வருடத்தில் இசக்கித்துரை வேறு பதில் சொன்னது இதுதான் முதல் தடவை.

கோமதித்தாய் வெளியே வந்தாள். நெற்றி நிறையக் குங்குமம். கை இரண்டும் வெறுங்கை.

"டின் எங்கட்டி?"

"தங்கப்பழம் அண்ணன்கிட்ட கொடுத்துட்டேன். புதுக் கமிட்டிக்காரவுக எல்லாரும் வந்துட்டாக. நகை இன்னைக்கே பேங்க் லாக்கருக்குப் போகுது. இனிமே எந்த வீட்டுலயும் யாரும் காவல் இருக்க வேண்டாமாம்." வேனில் ஏறி உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தம்பி, வண்டிய ராயகிரிக்கு விடுங்க. தங்கச்சி வீட்டுல நாலு நாள் இருந்துட்டு வாரேன்."

சங்கரபாண்டியனுக்குக் கண் சிவந்துவிட்டது.

"அந்தப் பதினோரு வீடும் என் காலை வாரிவிட்டது பத்தாதா? கட்டினவ, நீயுமா அவுகளோட சேந்துக்கிட்ட?"

"நான் அவுகளோட சேரலைங்க. அந்தப் பதினோரு வீட்டையும் மாத்திவிட்டதே நாந்தான்."