தானாக ஏறும் படங்கள்

இன்னும் ஒரு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம் என்றது மடிக்கணினி. ஈப்போ கல்யாண மண்டபத்தின் பின்னறையில் தினேஸ்வரி வடையைக் கடித்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையிலிருந்து எடுத்த படங்களை அவள் எழுதிய நிரல் கூட்டம் கூட்டமாக இணையச் சேமிப்பில் ஏற்றிக்கொண்டிருந்தது. யாரும் கை வைக்க வேண்டாம். ஏறி முடிந்ததும் அவள் வேலை செய்யும் ஸ்டூடியோவின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஆல்பம் தானாகத் திறந்துகொள்ளும்.

பிரேம்நாத் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். முகமெல்லாம் வேர்வை. தலைமுடியில் இரண்டு அட்சதை அரிசி ஒட்டியிருந்தது.

"தங்கச்சி, அதை உடனே நிப்பாட்டு. என் வேலை போயிரும்!"

"என்னண்ணே ஆச்சு?"

"இன்னைக்கு நான் எம்சிலா. வயித்துப்போக்குன்னு சொல்லி கிளினிக்ல எம்சி சீட்டு வாங்கி ஆபீசுக்கு அனுப்பிட்டேன்."

"லீவு எடுத்திருக்கலாமே?"

"லீவு எங்க இருக்கு? உங்க கேமராவோட பங்கோர் பீச்சுக்கு அலைஞ்சதிலேயே முடிஞ்சிருச்சு. உனக்குத் தெரியாததா? ஏற்கெனவே ரெண்டு வார்னிங் லெட்டர். மூணாவது வந்தா வீட்டுலதான் உட்காரணும்."

"ஆபீஸ்ல யாரு நம்ம ஆல்பத்தைப் பார்க்கப்போறாங்க?"

"என் மேனேஜர்! மக கல்யாணத்துக்கு ஸ்டூடியோ தேடிக்கிட்டிருக்கார். உங்க பக்கத்துல எது போட்டாலும் முதல் லைக் அவரோடதுதான்."

கைப்பேசியை நீட்டினான். மேனேஜரின் செய்தி: 'இளநீர் குடி. கஞ்சி மட்டும் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கோ.'

தினேஸ்வரி சிரிப்பை வடையோடு சேர்த்து விழுங்கினாள்.

"நிப்பாட்ட முடியாதுண்ணே. பந்தி முடியறதுக்குள்ள ஆல்பம்னு எங்க முதலாளி தேவன் பொண்ணு வீட்டுல சொல்லிட்டாரு."

"அப்ப நான் இருக்கிற படத்தை மட்டும் தூக்கிரு. மத்ததெல்லாம் தாராளமா போகட்டும்."

"மொத்தம் ஆயிரத்து முந்நூறு. ஒவ்வொண்ணா பார்த்தா நாளைக்குத்தான் முடியும்."

"சைன்ஸ் படிச்ச பிள்ளைதானே நீ? ஏதாச்சும் பண்ணுலா!"

அவள் அவன் முகத்தைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்தாள். அதை மடிக்கணினிக்கு அனுப்பினாள். இந்த முகம் இருந்தால் ஏற்றாதே என்று நிரலில் நான்கு வரி சேர்த்து, மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.

படங்கள் கொத்துக் கொத்தாக மறைந்தன. பிரேம்நாத் நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டான்.

"அப்பாடா. ஓடட்டும், ஓடட்டும்."

அறுநூறு. இருநூறு. நாற்பத்தொன்றில் நின்றது.

வாசலில் குவிந்த செருப்புகள். ரச வாளி. வாயைத் திறந்து தூங்கும் ஒரு பெரியவர். மூன்றாவது அப்பளத்துக்கு நீளும் கை. கண்ணாடி முன் தனியாக நிற்கும் மணப்பெண்.

வெளியே யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

"தோ வாரேன்!" என்று குரல் கொடுத்துவிட்டு அவன் திரையைத் தட்டினான். "போதும், அழகா இருக்கு. இதையே ஏத்திரு."

தினேஸ்வரி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"அண்ணே, மாப்பிள்ளையே நீங்கதான்லா."